ஐந்தரை மணிப் பூ

வெட்டுவதுதான் என் தொழில். ஒரு தொலைக்காட்சியில் பதினோரு வருடமாகப் படத்தொகுப்பாளர். அதில் கடைசி இரண்டு வருடம், சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வரும் வீட்டுத் தோட்ட நிகழ்ச்சி என் தலையில் விழுந்தது. அவர்கள் நாலு மணி நேரம் எடுத்துக்கொண்டு வருவதை நான் இருபத்து நாலு நிமிடமாக்கித் தர வேண்டும். விதை போடுவார்கள். விளம்பரம் வரும். விளம்பரம் முடிந்தால் கொடி ஆளுயரத்துக்கு நிற்கும். இன்னொரு விளம்பரம். காய் தொங்கும். நடுவில் இருந்த இரண்டு மாதம் என் குப்பைத்தொட்டியில் கிடக்கும். செடி வளர்வதை உட்கார்ந்து பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? லிஃப்ட் வரும்வரை நிற்கவே எனக்குப் பொறுமை கிடையாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காய் அந்தக் கொடியில் காய்த்ததல்ல. படப்பிடிப்பு நடப்பது ஊருக்கு வெளியே ஒரு நாற்றுப் பண்ணையில். செட் அண்ணன் என்று நாங்கள் கூப்பிடுகிறவர் காலையிலேயே சந்தைக்குப் போய், நல்ல காயாகப் பார்த்து வாங்கிவந்து, பச்சை நூலால் கொடியில் கட்டிவிடுவார். அப்படி ஒரு முடிச்சு. படத்தில் நூல் தெரிந்தால் அழிக்க வேண்டியவள் நான், எனக்கே பல நேரம் அது கண்ணில் படாது. சினிமாவில் ஒருத்தன் பத்துப் பேரை நிஜமாகவா அடிக்கிறான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

நிகழ்ச்சியை நடத்துபவரைப் பச்சைத் தொப்பி என்றுதான் அலுவலகத்தில் சொல்வோம். அதற்கு முன் வானிலை வாசித்தவர். நல்ல குரல், நல்ல மனசு. அவர் வீட்டு வரவேற்பறையில் இருக்கும் ஒரே செடி பிளாஸ்டிக்.

எங்கள் நூறாவது வாரம் நெருங்கியது. கொண்டாடப் போகிறோம் என்று நினைத்து மேலாளர் அறைக்குள் போனோம். அந்த அம்மாள் நாற்காலியில் சாய்ந்துகொண்டு எங்களை ஒருமுறை பார்த்தார்.

"இந்த நிகழ்ச்சியப் பாத்து யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், வீட்ல காய் பறிச்சிருக்காங்களா? காட்டுங்க, தொடர்ந்து நடத்தலாம். இல்லன்னா நூறோட மூடிட்டு அந்த நேரத்துல வேற ஏதாவது போட்டுக்கறேன்."

நேயர் கடிதங்களையும் படங்களையும் அவர் மேஜை மேலேயே கொட்டித் தேடினோம். இலை, இலை, இலை. கொஞ்சம் கீரை. ஒருவர் இரண்டு மிளகாயை உள்ளங்கையில் வைத்து அனுப்பியிருந்தார். அதைக் காட்டி நூறாவது வாரம் கொண்டாடினால் சிரிப்பார்கள். மற்றபடி நாற்பதுக்கு மேற்பட்ட கடிதங்களில் ஒரே பாட்டுதான்: சுரைக்கொடி நன்றாகப் படர்கிறது, பிஞ்சு பிடிக்கிறது, இரண்டே நாளில் மஞ்சளாகிக் கொட்டிவிடுகிறது, என்ன செய்வது? எல்லாருக்கும் பச்சைத் தொப்பி, "உரம் போடுங்க, மனம் தளராதீங்க" என்று பதில் எழுதியிருந்தார்.

நிகழ்ச்சி போனால் பச்சைத் தொப்பிக்கும் செட் அண்ணனுக்கும் எனக்கும் சேர்த்து வேலை போகும். மேலாளர் சாய்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் ஏறியது. கோபம் வந்தால் என் வாய் என் பேச்சைக் கேட்காது.

"ஏன் இல்ல? எங்க நாத்தனார் வீட்ல சுரைக்கொடி இருக்கு. இந்த ஞாயித்துக்கிழமை நானே பாத்தேன், கட்டைவிரல் அளவுக்குப் பிஞ்சு விட்டிருக்கு" என்றேன்.

மேலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நூறாவது வாரம், இன்னும் இருபத்து நாலு நாளில், நாத்தனாரின் பால்கனியிலிருந்து நேரலை என்று அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது.

என் நாத்தனார், அதாவது என் கணவரின் அக்கா, எங்கள் கட்டடத்திலேயே ஏழாவது மாடியில் இருக்கிறார். நாங்கள் நாலாவது மாடி. ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தம் எடுப்பது அவர் வேலை. மதியம் ஒரு மணிக்குப் போனால் ஒன்பதுக்கு வருவார். கை அவ்வளவு லேசு. ஊசி போனதே தெரியவில்லை என்று சொல்லாத ஆள் கிடையாது. எதையும் எழுதிவைத்து, எழுதியபடியே செய்பவர். எங்கள் நிகழ்ச்சி ஒவ்வொரு வாரமும் பதிவாகிவிடும், மறுநாள் காலையில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து பார்ப்பார். அறுபத்தெட்டு வாரத்துக் குறிப்பு இருந்தது அவரிடம்.

மறுநாள் காலையில் மாடியேறிப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"எந்தப் பிஞ்சு? அது முந்தாநாளே உதிர்ந்துடுச்சு. இதோட பதினேழு." நோட்டைத் திறந்து காட்டினார். பதினேழுக்கும் தேதி போட்டிருந்தார்.

"உரம் போட்டீங்களா, அண்ணி?"

"நீங்க சொன்ன உரம், நீங்க சொன்ன அளவு. தண்ணி நீங்க சொன்ன நேரம். தொட்டி கூட நீங்க காட்டின அதே தொட்டி, தேடிப் பிடிச்சு வாங்கினேன். செய்முறையில ஒரு படி விடல." நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். "டிவில எல்லாம் காய்ச்சுத் தொங்குது. எனக்கு மட்டும்தான் வரல. என் கைதான் சரியில்ல போல. சிலருக்கு அந்த ராசி இருக்காதுன்னு சொல்லுவாங்கல்ல."

சொல்லிவிட்டுத் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். எத்தனையோ பேரின் நரம்பை முதல் தடவையே கண்டுபிடித்த கை அது. வாயை மூடிக்கொண்டு கீழே இறங்கியிருக்கலாம். முடியவில்லை.

"அண்ணி, டிவில தொங்குற காய் அதுல காய்ச்சது இல்ல. கடையில வாங்கி நூல்ல கட்டறது. நூல் தெரிஞ்சா அழிக்கறது நான்தான்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒரு வருஷத்துக்கு மேல என் கையக் குறை சொல்லிட்டிருந்தேன். நீ தினமும் இந்தப் படியேறி வந்து போயிட்டுதான் இருந்தே" என்றார். பிறகு எழுந்து வேலைக்குக் கிளம்பத் தயாரானார்.

மூன்று நாள் பேச்சு இல்லை. என் கணவர் பாடு திண்டாட்டமாகிவிட்டது. "அக்கா டப்பாவத் திருப்பிக் கேக்கறா" என்று கீழே வருவார், "குடுத்துட்டேன்னு சொல்லுங்க" என்று மேலே போவார். அந்த மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நிகழ்ச்சி போகட்டும், வேலை போகட்டும், அவர் கையைத் திருப்பிப் பார்த்தது மட்டும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

நாலாம் நாள் காலை கதவு தட்டப்பட்டது. நோட்டோடு நின்றார்.

"காய் பொய். சரி. பூ?"

"பூ நிஜம்தான், அண்ணி."

"அப்ப ஏன் எல்லா வாரமும் மூடியே இருக்கு? நானும் விரிஞ்சு பாத்ததில்ல. காலையில பாத்தா வாடிக் கெடக்கும், மத்தியானம் கிளம்பும்போது மொட்டா இருக்கும். ராத்திரி வந்தா இருட்டுல பால்கனிப் பக்கமே போறதில்ல. சொரப்பூ அப்படித்தான் போலன்னு எழுதி வச்சிருக்கேன், பாரு."

அலுவலகம் போய், வெட்டித் தள்ளிய படங்களையெல்லாம் தோண்டி எடுத்துப் பார்த்தேன். இரண்டு வருடத்துப் படப்பிடிப்பில் விரிந்த சுரைப்பூ ஒன்றுகூட இல்லை. காரணம் புரியாமல் மண்டை காய்ந்தபோது, ஒவ்வொரு நாளின் கடைசிக் காட்சியிலும் ஓரத்தில் இருந்த நேரத்தைப் பார்த்தேன். மூன்று நாற்பது, மூன்று ஐம்பது. நாலு மணிக்கு மேல் வெளிச்சம் சரியாக இருக்காது என்று எங்கள் வண்டி எப்போதும் நாலு மணிக்குக் கிளம்பிவிடும். அதற்குப் பிறகு அந்தக் கொடி என்ன செய்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் நாத்தனாரும் வீட்டில் இருந்ததில்லை.

அலுவலகத்தில் யாரும் தொடாத, இருட்டிலும் படமெடுக்கும் பழைய கேமரா ஒன்று இருந்தது. அதைக் கொண்டுவந்து பால்கனியில் துணி காயப்போடும் கம்பியோடு சேர்த்துக் கட்டினேன். நிமிடத்துக்கு ஒரு படம், மதியம் பன்னிரண்டிலிருந்து மறுநாள் பன்னிரண்டு வரை.

மறுநாள் என் மேஜையில் அதை ஓட்டினேன். ஒரு முழு நாள் ஐம்பத்தெட்டு நொடியில் ஓடியது. ஐந்தரை மணிக்கு, மொட்டுகள் ஒவ்வொன்றாக முறுக்கு அவிழ்ந்து, வெள்ளை வெளேரென்று விரிந்தன. தாள் போல மெல்லிய ஐந்து இதழ். ராத்திரி முழுக்க விரிந்தே இருந்தன. விடிந்ததும் வாடிப்போயின. திரும்ப ஓட்டினேன். அப்புறம் ஒவ்வொரு படமாக நகர்த்தினேன். சில பூ நீளக் காம்பில் தனியாக நின்றது. சில பூவுக்கு அடியில் மட்டும் கட்டைவிரல் அளவுக்குப் பிஞ்சு. நான் ஞாயிற்றுக்கிழமை பார்த்துப் பீற்றிக்கொண்டது காயே இல்லை, பூக்கும் முன்பே பெண்பூவோடு பிறந்திருக்கும் வெறும் வயிறு. ஆயிரத்து நானூறு படத்தில் ஒன்றில்கூட அந்தப் பூக்களிடம் ஒரு வண்டோ பூச்சியோ வரவில்லை. ஏழாவது மாடிக்கு அது லிஃப்ட் ஏறியா வரும்?

அன்றுதான் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு படத்தில் வெட்ட எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை நாத்தனாரிடம் காட்டினேன். ஒருமுறை பார்த்தார், போதும்.

"மகரந்தம் போய்ச் சேரல. எட்டாம் வகுப்புப் பாடம். இதுக்கு ஒரு வருஷத்துக்கு மேல." அப்புறம் என்னைப் பார்த்தார். "பூச்சி வரலன்னா என்ன, நான் இருக்கேன்ல." அன்றைக்கு விடுப்பு போட்டுவிட்டு, அந்த வாரம் முழுக்கக் காலை ஷிஃப்டுக்கு மாற்றி வாங்கிக்கொண்டார்.

அன்று மாலை ஐந்து மணிக்கு அழைப்பு மணி அடித்தது. வாசலில் செட் அண்ணன். ஒரு பையில் மினுமினுக்கும் சுரைக்காய், இன்னொரு கையில் பச்சை நூல் கண்டு. எங்கள் முகத்தைப் பார்க்கவே அவருக்குக் கூச்சம்.

"பச்சைத் தொப்பி அனுப்பினாரும்மா. எதுக்கும் இருக்கட்டும், இப்பவே ஒரு அளவு பாத்துக் கட்டி வச்சிடுங்கன்னாரு."

நாத்தனார் பையை வாங்கிக் காயை எடுத்து, நகத்தால் கீறிப் பார்த்தார். "நல்ல காய். நான் சமைச்சுக்கறேன். என் கொடியில நான் காய்க்க வைக்காதது தொங்காது. நூல மட்டும் குடுத்துட்டு உள்ள வாங்க, டீ போடறேன்."

ஐந்தரை மணிக்கு மூன்று பேரும் பால்கனியில் நின்றோம். மொட்டு அசைகிற மாதிரியும் இருந்தது, அசையாத மாதிரியும் இருந்தது. நான் இரண்டு தடவை கடிகாரம் பார்த்தேன். "சும்மா நில்லு" என்றார் நாத்தனார். நின்றேன். திரும்பிப் பார்ப்பதற்குள் ஒன்று விரிந்துவிட்டது.

"ரெண்டு வருஷமா இந்தக் கொடியோடதான் மல்லு கட்றேன். பூ இப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதும்மா" என்றார் செட் அண்ணன் மெதுவாக.

நாத்தனார் பஞ்சு சுற்றிய குச்சியால் ஆண்பூவின் நடுவைத் தொட்டார். மஞ்சள் தூள் ஒட்டியது. அதைப் பெண்பூவின் நடுவில், ஊசி போடும் அதே லாகவத்தோடு தடவினார். மூன்று பெண்பூ இருந்தன, மூன்றுக்கும் செய்தார்.

"எத தொட்டோம்னு அடையாளம் வேணும். லேபிள் ஒட்டாத சாம்பிள் செல்லாது."

செட் அண்ணன் நூலைக் கேட்டு வாங்கி, மூன்று காம்பிலும் காற்றுக்குக்கூட நோகாதபடி ஒரு சுற்றுச் சுற்றி, தன் பிரசித்தி பெற்ற முடிச்சைப் போட்டார்.

இருபத்து நாலில் எட்டு நாள் போயிருந்தது. பூவைத் தொட்ட மூன்றாம் நாள் முதல் பிஞ்சு மஞ்சளானது. நாலாம் நாள் இரண்டாவது. நாத்தனார் இரண்டுக்கும் நோட்டில் தேதி போட்டார். பதினெட்டு, பத்தொன்பது. ஐந்தாம் நாள் காலை நான் பல்கூடத் துலக்காமல் மாடியேறினேன். அவர் முன்பே பால்கனியில் நின்றுகொண்டிருந்தார். மூன்றாவது பிஞ்சு தலை கவிழ்ந்து தொங்கியது. பூ உதிர்ந்திருந்தது, பிஞ்சு உதிரவில்லை. உடம்பெல்லாம் வெள்ளை ரோமம் மின்ன, ஒரே இரவில் இரண்டு மடங்கு ஆகியிருந்தது.

"பிடிச்சுடுச்சு" என்றார். நோட்டைத் திறந்தார், தேதி போட ஒன்றும் இல்லாமல் மூடினார்.

அதன்பிறகு அது வளர்ந்த வேகம் இருக்கிறதே, டேப்பை வைத்து அளந்தால் மாலைக்குள் கணக்கு மாறிவிடும். என் கணவர் வேலைக்குப் போகும் முன் ஒருமுறை, வந்த பின் ஒருமுறை போய்ப் பார்த்தார். கீழ்மாடிக்காரர்கள் தலையை வெளியே நீட்டி அண்ணாந்து விசாரித்தார்கள்.

நூறாவது வாரம். பால்கனியில் விளக்கும் இரண்டு கேமராவும். வீடு எனக்குத் தெரிந்த இடம் என்பதால், கீழே நேரலை வண்டியில் காட்சி மாற்றும் பொத்தான்களுக்கு முன் என்னை உட்காரவைத்திருந்தார்கள். காதில் மேலாளர்.

ஆறு மணி. பச்சைத் தொப்பி தன் நல்ல குரலில் ஆரம்பித்தார். "நம்ம நிகழ்ச்சியப் பாத்து வளர்ந்த கொடி இது. சொல்லுங்கம்மா, நம்ம நிகழ்ச்சி உங்களுக்கு எப்படி உதவிச்சு?"

நாத்தனார் யோசித்தார். "உதவல" என்றார்.

"வெட்டு. விளம்பரத்துக்குப் போ" என்றார் மேலாளர் என் காதில்.

என் விரல் பொத்தான் மேல் இருந்தது. பதினோரு வருடமாக இந்த மாதிரி இடத்தில்தான் அது வேலை செய்திருக்கிறது. விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"விதை போடணும்னு ஆசை வந்தது உங்களாலதான்" என்று தொடர்ந்தார் நாத்தனார். "அத இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அறுபத்தெட்டு வாரம் பாத்து, எழுதி, அப்படியே செஞ்சு, பதினேழு பிஞ்சு உதிர்ந்துச்சு. ஏன்னா இந்தப் பூ சாயந்தரம் அஞ்சரைக்குத்தான் விரியும். உங்க வண்டி நாலு மணிக்குக் கிளம்பிடும். இதோ, இப்ப விரிஞ்சிருக்கு. பாருங்க."

கேமரா திரும்பியது. வெள்ளையாக ஏழெட்டுப் பூ. பச்சைத் தொப்பி அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். கையில் இருந்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு அந்தத் தொப்பியைக் கழற்றினார். உள்ளே வழுக்கை என்று எங்களுக்கே அன்றுதான் தெரியும்.

"இதுவரைக்கும் நாங்க காட்டின காய் எல்லாம் கடையில வாங்கி நூல்ல கட்டினது. மன்னிச்சிடுங்க" என்றார் கேமராவைப் பார்த்து. "எனக்கும் தெரியாதும்மா. எப்படிச் செய்யணும்?"

என் காதில் மேலாளரின் சத்தம் நின்றுபோனது.

நாத்தனார் குச்சியை அவர் கையில் கொடுத்து, அவரையே செய்யவைத்தார். ஆண்பூ, மஞ்சள் தூள், பெண்பூ, அடையாளத்துக்குப் பச்சை நூல். நாற்பது நொடி யாரும் பேசவில்லை. தொலைக்காட்சியில் நாற்பது நொடி மௌனம் என்றால் வேலையை விட்டே அனுப்புவார்கள். நான் வெட்டவில்லை. பிறகு நாத்தனார் கொடியின் அந்தப் பக்கம் போனார். முழங்கை நீளத்துக்குத் தொங்கிய காயை இடது கையால் ஏந்தி, பச்சை நூல் இருந்த காம்பை நறுக்கினார். இரண்டு கையாலும் அதைத் தூக்கிக்கொண்டு நேராகக் கேமராவைப் பார்த்தார். அது என்னைத்தான்.

"என் கை சரியாத்தான் இருக்கு" என்றார்.

வண்டிக்குள் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பக்கத்தில் ஒலிப்பதிவாளர் இருந்தார், இருக்கட்டும்.

அன்று தொலைபேசி ஓயவில்லை. திட்டினவர்களும் உண்டு, கட்டின காய்க்கு அது நியாயம்தான். மற்றவர்களெல்லாம் கேட்டது ஒன்றே ஒன்று: ஆண்பூவை எப்படி அடையாளம் காண்பது, திரும்பக் காட்டுங்கள். திங்கட்கிழமை மேலாளர் கூப்பிட்டார். இந்த முறை சாய்ந்து உட்காரவில்லை.

"தொடரட்டும். ஆனா வண்டி இனிமே ஏழு மணிக்குத்தான் கிளம்பணும்" என்றார்.

நேரலை முடிந்த பத்தொன்பதாம் நாள் அலுவலக வரவேற்பறைக்கு முதல் சுரைக்காய் வந்தது. அனுப்பியது யாரென்று ஒரு துண்டுச் சீட்டு. ஒன்பதாவது மாடியில் குடியிருக்கும் தையல்காரராம். மறுநாள் மூன்று. அந்த வாரக் கடைசியில் காவலாளி மேலே வந்து, பதிவேடு வைக்க மேஜையில் இடமில்லை, இது அலுவலகமா காய்கறிக் கடையா என்று சண்டைக்கு நின்றார். இறங்கிப் போய்ப் பார்த்தேன். மேஜை மேல், நாற்காலி மேல், ஜன்னல் திட்டில், தரையில் செய்தித்தாள் விரித்து அதன்மேல். நாற்பத்தொன்று. குட்டை, நெட்டை, வளைந்தது, ஒரு பக்கம் மட்டும் பருத்தது. ஒவ்வொன்றின் காம்பிலும் பச்சை நூல். சிலர் பச்சை கிடைக்காமல் கம்பளி இழையைக்கூடச் சுற்றியிருந்தார்கள்.

நாத்தனாருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "எல்லாத்துக்கும் தேதி எழுதி வை, வந்து பாக்கறேன்" என்றார்.

செட் அண்ணன் எனக்கு முன்பே அங்கே வந்திருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு காயாகக் குனிந்து முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தொன்றையும் பார்த்து முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இதுல ஒண்ணுகூட நான் கட்டினது இல்லம்மா."